ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்து

இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
ஏழாவது ஷரத்து இப்படி:
‘வாடகைதாரர் வீட்டினுள் மீன், இறைச்சி
கொண்டுவரலாகாது.’
வில்லாபுரத்தில் ஒன்பது வீடு பார்த்த களைப்பில்
கையெழுத்துப் போட்டேன்.
தூத்துக்குடிக்காரன்.
அன்றிரவு தயிர்சாதம்.
கனவு முழுக்கச் சாளை.

மூன்றாம் மாதம்
கோரிப்பாளையம் சிக்கந்தர் கடையில்
மழைக்கு ஒதுங்கியவனை
ஒரு கண் பார்த்தது.
இன்னொரு கண் சிக்கந்தரைப் பார்த்தது.
நாளெல்லாம் கண் சோதிக்கிற வேலை எனக்கு,
‘இது தெளிவா, அது தெளிவா’ என்று
சில்லு மாற்றி மாற்றிக் கேட்பவன்.
ஒரே முகத்தில் இரண்டு விசாரணை
அன்றுதான் கண்டேன்.

கொண்டைக்கடலை அளவு உடம்பு.
பழுக்கத் தொடங்கிய எலுமிச்சையில்
மைப்பேனா உதறியது போலப் புள்ளி.
“பேத்தை சார். மலையாளத்து ஆத்து மீன்,
கடலையே பாத்ததில்ல.
ஒண்ணு எடுங்க, போதும்.
ரெண்டு எடுத்தாலும் ஒண்ணுதான் மிஞ்சும்.”

அண்ணன் ரொமால்டு போனில் சிரித்தான்:
“ஏலே, வலையில வந்தா காலால தள்ளுவோம்,
நூத்தம்பது ரூவா குடுத்தா வாங்குன?
தின்னா செத்துருவ, பாத்துக்க.”
தின்ன முடியாத மீன்.
ஷரத்தை மனதுக்குள்
இன்னொருமுறை வாசித்துக்கொண்டேன்.

வாளித் தண்ணீரை ஓரிரவு ஆறப்போட்டு
குளோரின் வாடை போனபின்
வேலம்பாசி கட்டி, கூழாங்கல் பரப்பி
விட்டேன்.
தூவிய தீனியை
அது திரும்பியும் பார்க்கவில்லை.
உயிருள்ளது வேண்டும், அதிலும் ஓடுள்ளது.
வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லை
எதிலாவது தேய்த்தாக வேண்டும்.

ஞாயிறுதோறும் வண்டியூர்க் கண்மாய்க் கரையில்
பேண்டை மடித்துவிட்டு நத்தை பொறுக்கினேன்.
குன்றிமணிக்கு மேல் பெரிதானால்
திருப்பி எறிந்துவிடுவேன்.
வாக்கிங் வந்தவர் நின்று கேட்டார்,
மூலத்துக்கா என்று.
ஆமாம் என்றேன்.

நத்தையின் முன் அது நிற்கும் நிதானம்!
வால் மட்டும் லேசாய் மடங்கியிருக்கும்.
ஓட்டின் வாசலில் கொம்பு நீளும்வரை
பொறுத்திருந்து
டக்.
கரண்ட் போன இரவில், ஃபேன் சத்தமில்லாமல்,
நன்றாகவே கேட்கும்.
இந்த வீட்டில்
ஒருவர் கறி சாப்பிடுகிறார்.
எதிரே நான், ஊறுகாயோடு.

வடிவம்மை மீட்டர் பார்க்க வந்தார்.
தபாலாபீஸ் கவுண்டரில் முப்பது வருடம்;
கவரைப் பிரிக்காமலே
உள்ளே இருப்பது தெரியும்.
“மீன் கூடாதுன்னு எழுதியிருக்கே.”
“இது சமைக்கிறதில்லைங்க.”
“வீட்டினுள்னுதான் எழுதியிருக்கு.
சமையல்னு எழுதலை.”
வாஸ்தவம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்
(கிட்டப்பார்வை. மைனஸ் மூன்று இருக்கும்).
பேத்தை முன்னால் வந்தது.
ஒரு கண் அவர் மேல், ஒரு கண் என் மேல்.
“என்ன திங்கும்?”
பொய் வாய்வரை வந்து நின்றது.
“நத்தை.”
ஒன்றும் சொல்லாமல் மாடிப்படி ஏறிப் போனார்,
தன் அல்லித் தொட்டிக்குத் தண்ணீர் விட.

காலி செய்யச் சொல்லும் குரலுக்கு
ஒரு வாரம் காத்திருந்தேன்.

பேரையூரில் இரண்டு நாள் முகாம்.
முந்நூற்றுப் பதினொரு கண்.
ஒருவருக்கு ஒன்றுதான்.
மோட்டார் போட மட்டும் என்று சொல்லி
சாவியை வடிவம்மையிடம் தந்திருந்தேன்.
தொட்டியில் ஐந்து நத்தை. எண்ணித்தான் விட்டேன்.

திரும்பி வந்து டார்ச் அடித்தால்
கூழாங்கல் மேல் எட்டு ஓடு.
ஐந்து என்னுடையவை,
கண்மாயின் கறுப்பு, உருண்டை.
மூன்று தட்டை, தேன் நிறம்,
சுருட்டி வைத்த நாடா மாதிரி.
கண்மாயில் நான் பார்க்காத ஜாதி.
அல்லி இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் என்று
சிக்கந்தர் எப்போதோ சொன்னது.

“மோட்டார் போட்டேன்” என்று
சாவியைத் தந்தார்.
“சரிங்க.”
கொஞ்சம் நின்றார்.
“ராத்திரி கரண்ட் போச்சு.
டக்குனு ஒரு சத்தம், இங்கேருந்து.
பல்லியா இருக்கும்.”
“பல்லிதான்” என்றேன்.

சித்திரையில் பத்திரம் புதுப்பித்தோம்.
வாடகை ஐந்நூறு கூடியது.
ஏழாவது ஷரத்து அப்படியே இருக்கிறது.